எடைக்கு வாங்கி எண்ணி விற்பது: பழைய துணி உலகம் சுற்றும் வழி

கானாவின் தலைநகர் அக்ராவில் காண்டமாண்டோ சந்தை. 55 கிலோ எடையுள்ள பேல் ஒன்றை ஒரு பெண் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்குகிறார். பஞ்சுப் பொதி மாதிரி அமுக்கிக் கட்டிய மூட்டை. மேலே பிளாஸ்டிக் சாக்கு, சுற்றிலும் இறுக்கிய பட்டை, ஓரத்தில் ஒரு லேபிள். என்ன உடை, என்ன ரகம் என்று அந்த லேபிள் சொல்லும். உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியாது, பிரித்துப் பார்த்து வாங்கும் வழக்கமும் இல்லை. பணத்தைக் கொடுத்தாகிவிட்டது. பிளேடால் பட்டையை அறுத்ததும் மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த துணி பொதுபொதுவென்று மேலெழும்புகிறது. அடுத்த கால் மணி நேரத்தில், இந்த பேலில் கைக்காசு தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும்.

பழைய துணி வணிகம் புரிய வேண்டுமானால் அந்தப் பட்டை அறுபடும் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை துணி எடைக்குக் கைமாறுகிறது: டன், கிலோ, பேல். அறுபட்ட பிறகு ஒவ்வொரு உருப்படியாக விலை போகிறது. எடை உருப்படியாக மாறும் இடத்தில்தான் லாபமும் நஷ்டமும் பிறக்கின்றன. அந்த இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் சங்கிலியிலேயே கையில் முதலீடு மிகக் குறைந்த ஆள்.

பெட்டியில் போட்டபின்

ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ ஒருவர் வேண்டாத துணியைத் தெருவோரப் பெட்டியில் போடுகிறார், அல்லது அறக்கட்டளை நடத்தும் கடையில் கொடுக்கிறார். யாரோ ஏழைக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறார். பெரும்பாலும் அது போய்ச் சேருவது ஒரு வியாபாரியிடம். இதில் மோசடி எதுவும் இல்லை. அறக்கட்டளைக்குத் தேவை பணம், துணி அதற்கு ஒரு வழி. கடையில் மாட்டி விற்க முடிவது வந்ததில் ஒரு பங்குதான். சில வாரம் தொங்கியும் போகாததை மொத்தமாகக் கட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று தள்ளிவிடுகிறார்கள். தெருப்பெட்டிகளில் பலவற்றைத் தனியார் நிறுவனங்களே நடத்துகின்றன. பெட்டியின் மேல் ஓர் அறக்கட்டளையின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதற்காக டன்னுக்கு ஒரு தொகை அறக்கட்டளைக்குப் போகும்.

இப்படிச் சேரும் சரக்கில் இரண்டு வகை உண்டு, விலை வித்தியாசம் பெரிது. வீட்டுக்காரர் கட்டிய பை கட்டியபடியே வருவது ஒன்று. ஐரோப்பாவில் இதை 'ஒரிஜினல்' என்பார்கள், அமெரிக்காவில் 'கிரெடென்ஷியல்'. யார் கையும் படாதது என்பதால் இதற்கு மதிப்பு. அறக்கட்டளைக் கடையில் நல்லதைப் பொறுக்கி எடுத்தபின் எஞ்சியது இன்னொன்று. வாசலில் வைத்த மாம்பழக் கூடையில் காலையில் வாங்குவதற்கும் மாலையில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாடுதான்.

2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் துணிக் கழிவைத் தனியாகச் சேகரித்தாக வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் முன்பு குப்பைக்குப் போன கந்தலும் இப்போது பெட்டிக்குள் விழுகிறது. சேரும் டன் கூடுகிறது, டன்னுக்குள் இருக்கும் நல்ல துணியின் பங்கு குறைகிறது. போதாக்குறைக்கு, நல்ல நிலையில் உள்ள பிராண்டு உடைகளை மக்களே செயலிகளில் நேரடியாக விற்றுவிடுகிறார்கள். பெட்டிக்கு வருவதில் மேலே மிதந்த வெண்ணெய் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

ரகம் பிரிக்கும் கூடம்

இந்தத் தொழிலின் நெஞ்சு இதுதான். பிரிக்காத மூட்டைக்குக் கிலோ விலை சொற்பம். பிரித்தபின் அதே மூட்டைக்குள்ளிருந்து ஒரு கிலோ பல மடங்கு விலைக்குப் போகும், இன்னொரு கிலோவை அகற்றக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

பைகளைக் கிழித்து நகரும் பெல்ட்டில் கொட்டுகிறார்கள். முதல் சுற்றில் பெரிய பிரிவுகள்: கோட்டு, கால்சட்டை, பின்னலாடை, படுக்கை விரிப்பு, பை, செருப்பு. ஈரமானது எதுவாக இருந்தாலும் உடனே வெளியே. ஒரு ஈரத் துண்டு பேலுக்குள் போனால் சுற்றியிருக்கும் பத்துத் துணியில் பூஞ்சை பிடிக்கும். செருப்பு ஜோடியாகக் கிடைத்தால்தான் சரக்கு. அதனால்தான் பெட்டியில் போடும்போது இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்கிறார்கள்.

இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு பிரிவும் மேலும் பிரியும். பெரிய கூடங்களில் இருநூறு, முந்நூறு வகைகள் இருக்கும். 'பெண்கள் பருத்திச் சட்டை, அரைக்கை, ஏ ரகம்' என்பது ஒரு வகை, அதுவே பி ரகமானால் வேறு வகை. பிரிப்பவருக்கு ஓர் உடைக்குக் கிடைப்பது சில நொடிகள். அதற்குள் அக்குளில் கறை, காலர் தேய்வு, முழங்கால் வெளுப்பு, ஜிப், துணி பந்து பந்தாகச் சுருண்டிருக்கிறதா, பிராண்டு என்ன, இந்த வெட்டு எந்த ஊரில் ஓடும் என்பதெல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும். பருத்தியா பாலியஸ்டரா என்பதை விரலே சொல்லிவிடும். லேபிளைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே 'கிரீம்' என்ற ரகம். புதுசு போலவே இருக்கும் பிராண்டு உடைகள், பழங்காலப் பாணிக்காகத் தேடி வாங்கப்படுபவை. மொத்தச் சரக்கில் இது கொஞ்சம்தான், ஆனால் கூடத்தின் வருமானத்தில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது. இது ஐரோப்பாவிலேயே, ஜப்பானிலேயே, பணம் உள்ள ஊர்களிலேயே விற்றுப்போகும். அடுத்து ஏ, பி, சி. இவை கிழக்கு ஐரோப்பா, மத்திய அமெரிக்கா, ஆப்பிரிக்கா, பாகிஸ்தான் என்று பிரிந்து போகும். வெப்ப நாடுகளுக்கென்றே மெல்லிய துணிகளைச் சேர்த்துக் கட்டும் 'டிராப்பிக்கல் மிக்ஸ்' என்ற பேலும் உண்டு.

உடுத்த லாயக்கில்லாதது துடைப்புத் துணியாகும். நம்மூர் மெக்கானிக் ஷெட்டில் கிரீஸ் கை துடைக்கும் வேஸ்ட் துணிக்கு உலகம் முழுக்கச் சந்தை இருக்கிறது: அச்சகம், கப்பல், பெயின்ட் கடை, தொழிற்சாலை. இதற்குப் பருத்தி வேண்டும், பாலியஸ்டர் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. வெள்ளைப் பருத்திக்கு விலை அதிகம், சாயம் கசியாது. பட்டன், ஜிப், ரிவெட் எல்லாம் வெட்டியெடுத்தாக வேண்டும், இல்லையென்றால் துடைக்கிற பரப்பில் கீறல் விழும். அதற்கும் ஆகாதது நாராகக் கிழிக்கப்பட்டு மெத்தைத் திணிப்பு, கார் உள்வேலைப்பாடு என்று போகும். அமெரிக்கப் பழந்துணித் தொழில் சங்கம் சொல்லும் கணக்கு: சேர்ந்ததில் 45 சதவீதம் உடையாகவே மறுபடி போகிறது, 30 சதவீதம் துடைப்புத் துணி, 20 சதவீதம் நார், 5 சதவீதம் குப்பை. தொழில்காரர்களே தங்கள் தொழிலைப் பற்றிச் சொல்வது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய கணக்கு. தவிர, இது பிரிக்கும் கூடத்தின் வாசலில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து 'உடை' என்று போனது கடைசியில் யார் உடம்பில் ஏறியது என்பதை இது சொல்லாது.

இவ்வளவும் கைவேலை. இயந்திரம் உண்டா என்றால் உண்டு. சுவீடனின் மால்மோ நகரில் 2020-இல் தொடங்கிய சிப்டெக்ஸ் ஆலையில் அகச்சிவப்புக் கதிர் கொண்டு நூல் வகையைக் கண்டறிந்து பிரிக்கிறார்கள். ஆனால் அது சொல்வது 'இது பருத்தி, இது கம்பளி' என்பதை மட்டுமே. 'இந்தச் சட்டை நைரோபியில் ஓடும்' என்று சொல்ல இன்னும் ஆள்தான் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் கூலி. அதனால்தான் பிரிக்காத மூட்டை கூலி குறைந்த ஊர்களைத் தேடிப் போகிறது: போலந்து, பாகிஸ்தானின் கராச்சி, ஐக்கிய அரபு அமீரகம், குஜராத்தின் காண்ட்லா. பாகிஸ்தானும் அமீரகமும் இறக்குமதிப் பட்டியலிலும் ஏற்றுமதிப் பட்டியலிலும் ஒருசேர முன்னால் நிற்பதன் காரணம் இதுவே. அங்கே இறங்கியதெல்லாம் அங்கே உடுத்தப்படுவதில்லை. ஒரே துணி இரண்டு தரம் கப்பலேறினால் புள்ளிவிவரத்திலும் இரண்டு தரம் எண்ணப்படும். உலக மொத்த டன் கணக்கைப் பார்க்கும்போது இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

பேல், கண்டெய்னர், காகிதம்

பிரித்ததை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அமுக்கிக் கட்டுகிறார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு 45 கிலோ, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு 55 கிலோ என்பது பொதுவான வழக்கம். ஒரு சிறு வியாபாரியால் காசு புரட்டி வாங்க முடிகிற, ஓர் ஆளால் எப்படியாவது சுமக்க முடிகிற அளவு. அமுக்கிய துணி கனம், அதனால் கண்டெய்னரில் இடம் தீரும் முன்பே எடை வரம்பு வந்துவிடலாம். 40 அடி நீளமும் கூடுதல் உயரமும் உள்ள கண்டெய்னரில் ஏறத்தாழ 22 முதல் 26 டன். 55 கிலோ பேல் என்றால் நானூறு முதல் நானூற்றெழுபது வரை.

சுங்கத்தில் இதற்குத் தனி எண் உண்டு: 6309. வெட்டிய கந்தலுக்கு 6310. 6309-இல் சேர இரண்டு நிபந்தனைகள்: துணியில் உடுத்திய தேய்மானம் பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும், பேல், சாக்கு, மூட்டை என்று மொத்தமாக வர வேண்டும். இரண்டும் ஒருசேர இருக்க வேண்டும். கடையில் விற்காமல் தேங்கிய புதுத் துணியைப் பேலுக்குள் சொருகி அனுப்பினால் அது 6309 ஆகாது. அங்கே புதுத் துணிக்கான வரி விழும், பிடிபட்டால் அபராதமும் சேரும்.

காகிதங்கள்: விலைப்பட்டியல், பேல் வாரியான பேக்கிங் லிஸ்ட், கப்பல் ரசீது, பூச்சிமருந்துப் புகை போட்டதற்கான சான்று, சில நாடுகளுக்குத் தரச்சான்று. பயன்படுத்திய உள்ளாடையைக் கானா, தான்சானியா உட்படப் பல நாடுகள் தடைசெய்திருக்கின்றன. ஒரு பேலில் அது கலந்திருந்தால் மொத்தக் கண்டெய்னருமே துறைமுகத்தில் நின்றுவிடும் ஆபத்து. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

பணம் போகும் வழியையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பகுதி முன்பணம், மீதி சரக்கு கரை சேருவதற்கு முன். அதாவது சரக்கைப் பார்ப்பதற்கு முன்பே முழுப் பணமும் போய்விடும். இறக்குமதியாளர் அதே சுமையை அப்படியே கீழே இறக்குகிறார். பேலைத் திறக்காமலே மொத்தக் கடைக்கு விற்கிறார், மொத்தக் கடை திறக்காமலே சில்லறைக் கடைக்கு விற்கிறது. திறக்காத பேலுக்குத்தான் விலை. திறந்துவிட்டால் அது 'பொறுக்கியது' என்ற பெயர் வாங்கிவிடும்.

பட்டை அறுத்த பிறகு

55 கிலோ டிசர்ட் பேலை எடுத்துக்கொள்வோம். ஒரு டிசர்ட் 180 கிராம் என்றால் ஏறக்குறைய 300 உருப்படி. ஜீன்ஸ் பேல் என்றால் எண்பது தொண்ணூறுதான் வரும். இப்போது ஒரு கணக்கு. எண்கள் புரிதலுக்காகப் போட்டவை, எந்த ஊர் விலையும் இல்லை.

பேல் 1000 காசு. உள்ளே 300 டிசர்ட். முதல் தரம் 50, தலைக்கு 10 காசு: 500. இரண்டாம் தரம் 100, தலைக்கு 4: 400. மூன்றாம் தரம் 80, தலைக்கு 2: 160. மிச்சம் 70 கிழிந்தது, கறை, அளவுக்கு மீறிப் பெரியது: பூஜ்யம். கைக்கு வந்தது 1060. சுமைக்கூலி, கடை வாடகை, துவைத்து இஸ்திரி போட்டது, தையல்காரருக்குக் கொடுத்தது எல்லாம் அந்த 60 காசுக்குள் அடங்க வேண்டும்.

இப்போது முதல் தரத்தில் பத்தே பத்து உருப்படி கறையோடு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 100 காசு போயிற்று. கைக்கு 960, கூலி கொடுக்கும் முன்பே 40 காசு நஷ்டம். முந்நூறில் பத்து. பிரிக்கும் கூடத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் அசட்டையாக இருந்தால் போதும்.

ஆகவே வியாபாரி முதல் அரை மணி நேரத்தில் மேல்தரத்தைக் காசாக்கப் பார்க்கிறார். பேல் பிரியும்போதே சில்லறை விற்பனையாளர்கள் சுற்றி நிற்பார்கள். முதல் பொறுக்கல், இரண்டாம் பொறுக்கல், மூன்றாம் பொறுக்கல் என்று விலை இறங்கிக்கொண்டே போகும். கென்யாவில் கடைசியில் எஞ்சுவதை 'ஃபாகியா' என்பார்கள். சுவாஹிலியில் பெருக்கித் தள்ளு என்று பொருள். ஊருக்கு ஊர் இந்த வணிகத்துக்கு இருக்கும் பெயர்களே ஒரு பாடம். கென்யாவில் 'மிடும்பா', மூட்டைகள். சாம்பியாவில் 'சலாவுலா', குவியலைக் கிளறி எடுப்பது. பிலிப்பைன்ஸில் 'உகாய் உகாய்', அங்கும் கிளறுவதுதான். கானாவில் 'ஒப்ரோனி வாவு', செத்துப்போன வெள்ளைக்காரரின் உடை. உயிரோடிருப்பவர் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடுவாரா என்ற சந்தேகத்தில் பிறந்த பெயர். மலேசியத் தமிழர்களுக்கு 'பண்டல் கடை' என்றால் விளங்கும்.

பழைய துணிச் சந்தை என்றால் விற்பனை மட்டும் என்று நினைக்கக் கூடாது. காண்டமாண்டோவில் சுமார் முப்பதாயிரம் பேர் பிழைக்கிறார்கள், அதில் தையல்காரர், சாயம் போடுபவர், இஸ்திரிக்காரர், சுமைதூக்குபவர் எல்லோரும் அடக்கம். பெரிய சட்டையைச் சிறியதாக்குவார்கள், ஜீன்ஸின் கிழிந்த காலை வெட்டி அரைக்கால்சட்டை ஆக்குவார்கள், வெளுத்ததைக் கருஞ்சாயத்தில் முக்கிப் புதிதாக்குவார்கள். சுமை தூக்குபவர்களை 'கயாயே' என்பார்கள். பெரும்பாலும் வட கானாவிலிருந்து வந்த இளம்பெண்கள். 55 கிலோவைக் கழுத்து தாங்குகிறது.

2025 புத்தாண்டு இரவு இந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் போனது. பேலுக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது என்று சற்றுமுன் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். எரிந்தது வியாபாரிகளின் முதலீடு. ஐரோப்பாவில் பிரித்துக் கட்டியவருக்கு அதில் ஒரு காசும் நஷ்டமில்லை.

எங்கே சறுக்கும்

பெண்கள் உடை மலிந்து வரும், ஆண்கள் உடைக்குத் தட்டுப்பாடு. பணக்கார நாடுகளில் பெண்கள் அதிகம் வாங்கி அதிகம் கழிக்கிறார்கள், ஆண்கள் சட்டையை நைந்துபோகும் வரை போடுகிறார்கள். வாங்கும் சந்தைக்கு வேண்டியதோ ஆண்கள் உடையும் குழந்தைகள் உடையும். அதனால் 'ஆண்கள் ஏ ரகம்' பேலுக்கு விலை ஏறும், ஏறும்போது அதில் கலப்படமும் ஏறும்.

பருவம் இன்னொரு தொல்லை. ஐரோப்பியர் குளிர்கால உடையை வசந்தத்தில் கழிப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கம்பளிக் கோட்டை யார் போடுவார்? நைரோபியில் ஜூலை மாதம் குளிரும், அங்கே ஸ்வெட்டர் போகும், அக்ராவில் போகாது. ஊர் தெரியாமல் வாங்குபவர்தான் இதில் அடிபடுவார்.

கண்டெய்னருக்குள் மழை பெய்யும் என்றால் புதியவர்கள் சிரிப்பார்கள். குளிர் ஊரில் ஏற்றிய இரும்புப் பெட்டி வெப்பக் கடலில் போகும்போது பகலில் காய்ந்து இரவில் குளிர்கிறது. உள்ளேயுள்ள ஈரம் கூரையில் வியர்த்துச் சொட்டுகிறது. மேலடுக்குப் பேல்கள் பூஞ்சை வாடையோடு வந்து சேரும். உலர்த்தும் பைகளைத் தொங்கவிடுவதும், மேலடுக்கில் அட்டை விரிப்பதும், மழைநாளில் ஏற்றாமல் இருப்பதும் இதற்காக.

நாணய மதிப்பு விழுந்தால் பேல் விலை மறுநாளே ஏறும், வாடிக்கையாளர் பாக்கெட் ஏறாது. இதை யாராலும் தடுக்க முடியாது, கையிருப்பைக் குறைவாக வைத்துக்கொள்வதைத் தவிர.

எல்லாவற்றையும்விட மெல்ல அரிப்பது துணியின் தரம். ஒரு சீசனுக்கென்று தைத்த மெல்லிய பாலியஸ்டர் கலவை உடை இரண்டாம் கைக்கு வரும்போதே பாதி செத்திருக்கும். அதைத் துடைப்புத் துணியாகவும் வெட்ட முடியாது. எலாஸ்டேன் என்ற இழுபடும் நார் கலந்தது நார் கிழிக்கும் இயந்திரத்தில் இழுபட்டுச் சிக்கும். ஒரு துணி மூன்று வாழ்க்கை வாழும் என்ற பழைய கணக்கு இங்கே உடைகிறது.

எவ்வளவு குப்பை?

காண்டமாண்டோவுக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உருப்படி வருகிறது, அதில் 40 சதவீதம் குப்பையாக வெளியேறுகிறது என்பது அக்ராவில் வேலை செய்யும் 'தி ஓர் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பின் மதிப்பீடு. கானாவின் பழந்துணி வியாபாரிகள் சங்கமோ பேலுக்குள் குப்பை 5 சதவீதம்கூட இல்லை என்கிறது. ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள அவசியமில்லை. பேலைத் திறந்ததும் உடுத்தவே முடியாதது எவ்வளவு என்பது ஒரு கேள்வி. கடைசிவரை விற்காமல் சந்தையை விட்டு வெளியேறியது எவ்வளவு என்பது வேறு கேள்வி. உடுத்தக்கூடிய சட்டையும் வாங்க ஆளில்லாவிட்டால் குப்பைதான். எங்கள் பார்வையில் இரண்டாம் கேள்வியே முக்கியம். ஏனென்றால் நகராட்சி அள்ள வேண்டியது அதைத்தான். அள்ளி முடியாதது கோர்லே காயலில் விழுந்து, கடலில் முறுக்கிக் கயிறாகி, அக்ரா கடற்கரை மணலில் புதைந்து கிடக்கிறது.

சிலியின் கதை வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. வடக்கே இக்கீக்கே துறைமுகத்தில் 1975 முதல் வரியில்லா வணிகப் பகுதி. பேல்கள் அங்கே இறங்கி, நல்லது உள்நாட்டுக்கும் பொலிவியா, பராகுவேக்கும் போகிறது. போகாததை வெளியே எடுத்து முறையாக அகற்றினால் செலவு. பக்கத்து அட்டகாமா பாலைவனத்தில், அல்டோ ஹோஸ்பிசியோ அருகே கொட்டினால் செலவில்லை. பாலைவன வறட்சியில் துணி மக்காமல் அப்படியே கிடக்கும்.

தடை போட்டால்?

கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016-இல் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன: 2019-க்குள் பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்திவிடுவது. உள்ளூர் நூற்பாலைகளும் தையல் தொழிலும் எழுந்துவிடும் என்ற எண்ணம். அமெரிக்கப் பழந்துணித் தொழில் சங்கம் தன் அரசிடம் புகார் கொடுத்தது. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அமெரிக்கா தந்துவந்த வரிச்சலுகை ஆபத்தில் விழும் என்றானதும் மற்ற நாடுகள் பின்வாங்கின. ருவாண்டா மட்டும் முடிவில் உறுதியாக நின்றது. கிலோவுக்கு 20 சென்ட்டாக இருந்த வரியை 2.50 டாலராக ஏற்றியிருந்தது. 2018 ஜூலையில் ருவாண்டாவின் ஆடைகளுக்கான சலுகையை அமெரிக்கா நிறுத்திவைத்தது.

வரியைக் கிலோவுக்கு வைப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய துணிக்கு 'உண்மை விலை' என்ன என்று சுங்க அதிகாரியால் நிறுவ முடியாது. குறைத்துக் காட்டினால் மறுக்கவும் வழியில்லை. தராசு பொய் சொல்லாது. ஆனால் எடைவரி கீழ்ரகத்தைத்தான் அதிகம் தாக்கும், கிரீம் ரகத்துக்கு அது கொசுக்கடி.

பிலிப்பைன்ஸில் வணிகத்துக்காகப் பழைய துணி இறக்குமதி செய்வது 1966 முதல் சட்டப்படி குற்றம். உகாய் உகாய் கடைகள் நாடெங்கும் இருக்கின்றன. நைஜீரியாவிலும் தடை, சரக்கு பக்கத்து நாடான பெனினின் கோட்டோனூ துறைமுகத்தில் இறங்கித் தரைவழியாக உள்ளே போகிறது. தடைக்குப் பின்னும் வணிகம் நடக்கும்போது, வரியாக அரசுக்கு வந்திருக்க வேண்டியது எல்லையில் நிற்பவர்களின் பைக்குள் போகிறது.

இந்தியாவில்

உடுத்தக்கூடிய பழைய துணியை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் விற்பனைக்கு இறக்குமதி செய்ய முடியாது. வழி இரண்டு. ஒன்று, காண்ட்லா போன்ற சிறப்புப் பொருளாதார மண்டலம். 1965-இல் தொடங்கிய அந்த மண்டலத்தில் மேலைநாட்டு மூட்டைகளை இறக்கி, பெரும்பாலும் பெண் தொழிலாளர்களைக் கொண்டு பிரித்து, ஆப்பிரிக்காவுக்கு மறு ஏற்றுமதி செய்கிறார்கள். இன்னொன்று, மீண்டும் உடுத்த முடியாதபடி வெட்டிய கந்தல். அது நூலுக்கான மூலப்பொருள் என்ற பெயரில் வரும்.

அந்தக் கந்தல் போகும் ஊர் ஹரியானாவின் பானிபட். கம்பளி உடைகளைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, நிமிர்ந்து நிற்கும் கத்தியில் இழுத்து வெட்டுகிறார்கள். நம் வீட்டு அரிவாள்மணையை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பட்டன், ஜிப், உள்துணி, லேபிள் எல்லாம் தனியே போகும். பிறகு நிறம் பிரித்தல்: சிவப்பு ஒரு குன்று, நீலம் ஒரு குன்று. நிறத்தோடு நூற்பதால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை, சாயமும் தண்ணீரும் மிச்சம். முள் உருளைகள் துணியை நாராகக் கிழிக்கும், நாரிலிருந்து நூல், நூலிலிருந்து போர்வை. இதற்கு 'ஷாடி' என்று பெயர். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பேட்லி ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் லா 1813-இல் உருவாக்கிய முறை. கிழிக்கும்போது நார் குட்டையாகிவிடும் என்பதால் நூல் தடிப்பாக, முரடாகத்தான் வரும். வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் நிவாரணமாகக் கொடுக்கும் மலிவுப் போர்வைகளில் பானிபட் சரக்கு நிறைய உண்டு. இப்போது பளபளக்கும் பாலியஸ்டர் மிங்க் போர்வை வந்து அந்தச் சந்தையையும் அரித்துவிட்டது.

பேல் வாங்குவதற்கு முன்

சட்டப்படி வாங்கக்கூடிய நாட்டில் இருந்து இந்தத் தொழிலைத் தொட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை. இது எந்த நாட்டில் சேர்ந்தது, எந்த ஊரில் பிரித்தது, ஒரிஜினலில் இருந்து பிரித்ததா, கடை மிச்சமா? இந்த வகையில் ஒரு பேலுக்கு எத்தனை உருப்படி வரும்? ஏ, பி கலவை என்றால் விகிதம் என்ன? விற்பவர் உருப்படி எண்ணிக்கையைச் சொல்லத் தயங்கினால் அவருக்கே தெரியாது என்று அர்த்தம், அல்லது தெரிந்திருக்கிறது. 'ஏ ரகம்' என்ற சொல்லுக்கு உலகப் பொது வரையறை கிடையாது. ஒரு கூடத்தின் ஏ இன்னொரு கூடத்தின் பி.

முதல் தடவை கண்டெய்னர் வாங்காதீர்கள். உள்ளூர் மொத்தக் கடையில் ஒரே கூடத்தின் பேலை, ஒரே வகையில், மூன்று வாரம் இடைவெளிவிட்டு மூன்று வாங்குங்கள். ஒன்று நன்றாக இருந்தால் அதிர்ஷ்டம், மூன்றும் ஒரே மாதிரி இருந்தால்தான் அந்தக் கூடத்தில் பிரிப்பவர்கள் தேறியவர்கள். பட்டை அறுக்கும் முன் தராசில் வையுங்கள். இரண்டு கிலோ குறைவது சாதாரணம் என்பார்கள், டிசர்ட்டில் இரண்டு கிலோ என்பது பதினோரு உருப்படி. லேபிளைக் கிழித்து எறியாமல், பேல் எண் தெரியும்படி திறக்கும்போதே படம் எடுத்து, நான்கு குவியலாகப் பிரித்து எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். குறை சொல்லி அடுத்த பேலில் விலை குறைக்கக் கேட்கும்போது வியாபாரி முதலில் கேட்பது அந்த லேபிளைத்தான்.